முதல் செருப்பு

சங்கிலிப்பாண்டியின் அண்ணன் உயிருக்கு ஊர்க்கூட்டத்தில் போட்ட விலை எழுநூற்றைம்பது ரூபாய். தென்காசிப் பக்கம் கத்தரிக்காயைக்கூடப் பேரம் பேசாமல் விற்கமாட்டார்கள். சங்கிலி கூட்டத்துக்கும் போகவில்லை, பேரமும் பேசவில்லை. நேரே கொல்லன் பட்டறைக்குப் போய் அரிவாளைத் தீட்டிக்கொண்டான்.

இப்போது அந்த அரிவாள் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிக்கிடக்க, முகம்மது இஸ்மாயிலின் செருப்புக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்பு வார் வைத்த குழந்தைச் செருப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். வெளியே சாரல் நசநசத்தது.

“பிள்ளைக்கு எத்தனை மாசம்?” என்றார் இஸ்மாயில்.

“பத்து... பதினொண்ணு இருக்கும்.” சங்கிலிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

“நாலு ரூபா பத்தணா. நயா பைசாவுல எவ்வளவுன்னு கேக்காதிய. அது எனக்கும் தெரியாது, சர்க்காருக்கும் தெரியாது.”

“கட்டைவிரல் தண்டி செருப்புக்கு இவ்வளவா பாய்?”

“சின்னதுலதான வேலை சாஸ்தி.”

பேரத்தை ஜவ்வாக இழுத்தபடி சங்கிலி வாசலையே பார்த்தான். குற்றாலத்துப் பலவேசம் வெள்ளிக்கிழமை மகனுக்கு முதல் செருப்பு வாங்க இந்தக் கடைக்கு வருகிறான் என்று டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருந்தது.

அண்ணனை வாய்க்கால் கரையில் வெட்டிச் சாய்த்துவிட்டு, சாட்சி இல்லையென்று கோர்ட்டிலிருந்து வெற்றிலை மென்றபடி இறங்கி வந்தவன் பலவேசம். அதற்கு முன்னால் அந்த விரோதம் எங்கே தொடங்கியதென்று சங்கிலிக்குத் தெரியாது. பத்து வயதில் கொல்லத்து முந்திரி ஆலைக்குப் போனவன். அவனுக்குக் கணக்கு அண்ணனில்தான் தொடங்கியது. பலவேசத்துக்கு இவன் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பட்டப்பகலில் வந்து உட்கார்ந்திருந்தான்.

பலவேசம் வந்தான். எப்போதும் நாலு ஆளோடு திரிகிறவன், அன்று தனியாக. தோளில் பிள்ளை.

சங்கிலியின் கை மெல்லப் பின்னால் போனது. முதலில் பிடரி, விழுந்ததும் குதிகால் நரம்பு. அண்ணனுக்கு விழுந்த அதே வரிசை. ஆனால் அந்தப் பிடரி மேல் பிள்ளையின் கை பரந்து கிடந்தது. சங்கிலி கையை முன்னால் கொண்டுவந்தான்.

“பாய், நம்ம பயலுக்கு முதச் செருப்பு” என்றான் பலவேசம். “நடக்க ஆரம்பிச்சுட்டான். வீட்டுல ஒரு சாமான் முழுசா இல்ல.”

இஸ்மாயில் நூலைப் போட்டுப் பாதத்தை அளந்து, ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தார். பலவேசம் சங்கிலியின் பக்கம் திரும்பினான்.

“தம்பி, இவனைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியளா? முதச் செருப்பைப் பெத்தவன் மடியில வச்சுப் போடக் கூடாதும்பாவ எங்க வீட்டுல.”

இஸ்மாயிலின் புருவம் உயர்ந்தது. இருபது வருஷமாகச் செருப்பு விற்கிறவர், இப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. வந்த வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

மாட்டேனென்றால் சந்தேகம் வரும். சங்கிலி வாங்கிக்கொண்டான். மடிக்கு வந்ததும் பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைக் கடிக்கப் பாய்ந்தது. ஒரு கைக்கு அடங்கவில்லை; அயிரை மீனாகத் துள்ளியது. இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

“மாமாகிட்ட அடங்கி இருலே” என்று சொல்லிப் பலவேசம் எதிரே மண்டியிட்டான்.

பிள்ளையின் குதிகால் சங்கிலியின் தொடையில் உதைத்தது. இன்றைக்கு இவன் அப்பனை வெட்டினால், இந்தக் கால் ஊரறிய முதல்முதலாக நடப்பது கொள்ளிக்குடம் சுற்றத்தான். அந்த நினைப்பு வந்ததும் முதுகில் கிடந்த இரும்பு குளிர்ந்தது. வேண்டாம், பிள்ளை முன்னால் வேண்டாம். அந்த எழுநூற்றைம்பதை வாங்கித் தொலைத்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பலவேசம் வாரைப் பூட்டினான். “விரலு இடிக்கான்னு பாருங்க தம்பி.”

சங்கிலி குனிந்தான். விலாவுக்குக் கீழே ஏதோ சுட்டது. சூரிக்கத்தி பிடிவரைக்கும் இறங்கியிருந்தது. வார் பூட்டிய அதே நிதானத்தோடு பலவேசம் அதை ஒரு திருகு திருகினான்.

இஸ்மாயில் பின்னால் சாய, அலமாரிப் பெட்டிகள் சரிந்து கொட்டின. சங்கிலி வாயைத் திறந்தான். சத்தத்துக்குப் பதிலாக ரத்தம் வந்தது. கை மட்டும் அரிவாளுக்குப் போகவில்லை. பிள்ளை கீழே விழுந்துவிடக் கூடாதென்று இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது.

பலவேசம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“டீக்கடையில பேசுனவனுவ நம்ம ஆளுவதாம்லே. நீ கொல்லத்து ரயிலை விட்டு இறங்குன அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்று அவன் காதோரம் குனிந்தான். “நல்லவன்லே நீ, பிள்ளையக் கீழ போடல.”

சங்கிலி பெஞ்சிலிருந்து சரிந்தான். பலவேசம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, கடன் அடைத்தவன் குரலில் சொன்னான்:

“உங்கப்பன் வெட்டுனது எங்கய்யா ஒண்ணு, சித்தப்பா ஒண்ணு. இந்தப் பக்கம் உங்கண்ணன் ஒண்ணு, நீ ஒண்ணு. கணக்கு நேராயிட்டுலே.”