எடுக்காத கல்

தழையைப் பிடுங்கி எறிந்தது அவனுக்கு நினைவிருந்தது.

கல்லை எடுத்தது நினைவில் இல்லை.

லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் செங்கல் பாரம். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

மதியம் பின்டயர் வெடித்து, போகிற தடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. ஒதுக்க இடமில்லை. லாரியின் பின்கொக்கியில் புங்கந்தழையைச் செருகினார்கள். அதற்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, ரோட்டில் மூன்று பெரிய கல்லை உருட்டி வைத்தார்கள். வருகிற வண்டி விலகிப் போகட்டும் என்று எல்லா லாரிக்காரரும் செய்வதுதான்.

ஜாக்கி வைத்து, டயர் மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. தழையைப் பிடுங்கினான். ஏறினான். கிளம்பினான்.

பக்கத்தில் லோடுமேன் மாதையன் பீடி பற்றவைத்தான். கல்லை எடுத்தாயா என்று அவனிடம் கேட்டான்.

நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்றல்லவா இருந்தேன் என்றான் மாதையன்.

பிரேக்கை மிதித்தான்.

ரோட்டுக்கு நடுவில் தடுப்பு. லாரியைத் திருப்ப வேண்டுமென்றால் சுங்கச்சாவடி தாண்டிப் போக வேண்டும்.

"இந்நேரம் யாராச்சும் உருட்டி விட்டிருப்பாங்கண்ணே. போயி மாட்டிக்காதீங்க. லாரிக்காரன்னு தெரிஞ்சா வாயத் தொறக்கவே விடமாட்டாங்க."

அது பொய்யில்லை. ரோட்டில் வைத்து அடிவாங்கிய டிரைவர்களை அவனே பார்த்திருக்கிறான்.

ஆனால் முன்னால் போகிற பஸ் கல்லைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கிவிடும். பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிற பைக்குக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

இறங்கினான். தடுப்பின்மேல் இருந்த அரளிச் செடிகளை விலக்கி அந்தப் பக்கம் குதித்தான். திரும்பிப் போகிற வண்டிகளுக்குக் கை நீட்டினான். ஒன்றும் நிற்கவில்லை. பால்கேன் கட்டிய பைக் ஒன்று வந்தது. குறுக்கே போய் நின்றுவிட்டான்.

பால்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். ஏறச் சொன்னார்.

இரண்டு கேனுக்கும் நடுவே காலை மடக்கி உட்கார்ந்தான்.

எதிர்ப்பக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு போனான். அதில் வருகிற ஒவ்வொரு வண்டியும் அந்த இடத்தைத் தாண்டி வந்த வண்டி.

ஒரு பைக் வந்தது. மூச்சு விட்டான்.

இன்னொரு பைக் வந்தது. பின்னால் பொம்பளை, மடியில் குழந்தை.

ஒரு பஸ் வந்தது.

அப்புறம் வண்டியே வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கூட்டம் தெரிந்தது.

தடுப்பைத் தாண்டி ஓடினான். இரண்டு கல் வைத்த இடத்திலேயே இருந்தன. மூன்றாவது கல் ஒரு பைக்குக்கு அடியில். ஓட்டி வந்தவன் ரோட்டோரம் கிடந்தான். சின்ன வயசு. ஹெல்மெட் தனியாகக் கிடந்தது. தலைக்கு அடியில் யாரோ துண்டு வைத்திருந்தார்கள். துண்டு நனைந்திருந்தது.

அவன் முதலில் அந்த இரண்டு கல்லையும் உருட்டி ஓரமாகத் தள்ளினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் அந்த லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். கொண்டுவந்து போடத் தெரிந்தவனுக்கு எடுக்கத் தெரியவில்லை பார் என்றார். அவன் தாயை இழுத்துத் திட்டினார். கையில் கிடைத்தால் இதே கல்லால் அடிப்பேன் என்றார். இன்னும் நாலு பேர் ஆமாம் என்றார்கள்.

அவன் கிரீஸ் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டான்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. கூட ஆள் வராமல் ஏற்ற மாட்டேன் என்றார் ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், போலீஸ் கேட்கும், யாருக்கு நான் பதில் சொல்வது என்றார்.

திட்டிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். மற்றவர்களும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

"இந்தத் தம்பிக்கு வேண்டப்பட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பால்காரர் இன்னும் பைக்கை அணைக்காமல் நின்றிருந்தார். வருகிறாயா என்று கையைக் காட்டினார்.

"நான் இருக்கேன்" என்றான்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவன் உள்ளே உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆட்டோ கிளம்பியது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"இந்தத் தம்பி பேரு என்னங்க?"

அவன் குனிந்தான். மடியில் கிடந்தவனின் வாயருகே காதை வைத்தான்.