பதினேழாம் நம்பர் தறி

"பத்து வெள்ளி டிக்கெட் வாங்கிட்டு வந்து இந்தக் கருமத்தப் படிக்கணுமா? கூப்பிடும்மா உங்க மேனேஜர!"

குணவதி போட்ட சத்தத்தில், படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு சுற்றுலாக்காரர்கள் பக்கத்துக் கூடத்துக்கு நழுவினார்கள். அவளை ஒட்டித் தங்கை லோகேஸ்வரி வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஜெலுத்தோங்கில் மூடிக் கிடந்த துணி ஆலைக்குப் பெயின்ட் அடித்து, 'நெசவாலை வரலாற்றுப் பூங்கா' என்று பெயர் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. பதினேழாம் நம்பர் தறிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு போர்டு.

'1992: பாதுகாப்பு மூடியைத் தானே கழற்றி வேலை செய்த தொழிலாளி லோகேஸ்வரி மூன்று விரல்களை இழந்தார். கவனக்குறைவே காரணம்!'

அதுவும் நான்கு மொழிகளில். பொய்க்கு இவ்வளவு மரியாதை.

"கத்தாதீங்க லா அக்கா. பழைய ரெக்கார்டுல உள்ளதத்தான் போட்டிருக்கோம்" என்றாள் வழிகாட்டி நஜ்வா.

"எந்த ரெக்கார்டு? இவ வேலைக்கு வந்தப்பவே மூடி கழண்டு கெடந்துச்சு. சொன்னா யாரு நம்புனா? வேலையும் போச்சு, பேரும் போச்சு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுறப்பக்கூட கைய மறைச்சுக்கிட்டுத்தான் ஏறுறா!"

குணவதிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

"வர்ற புதன்கிழமை ஸ்கூல் பிள்ளைங்க இங்க வர்றாங்களாம். அதுல இவ பேரனும் இருக்கான். பாட்டி பேர அவன் இப்படியா படிக்கணும்?"

மூலையிலிருந்த ஸ்பீக்கரில் தறி ஓடும் சத்தம் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, நஜ்வா லோகேஸ்வரியிடம் திரும்பினாள்.

"அப்பல்லாம் சத்தம் இப்படித்தான் இருக்குமாக்கா?"

"இதெல்லாம் ஒரு சத்தமா? இருநூறு தறி ஓடும். பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

"அப்புறம் எப்படித்தான் பேசிக்குவீங்க?"

லோகேஸ்வரி பதில் சொல்வதற்குள் புவனேஸ்வரன் வந்துவிட்டார். அன்றைய சூப்பர்வைசர், இன்றைய பூங்கா மேனேஜர். ஆலையே போனாலும் நாற்காலி போகாத ஜாதகம்.

"அட, லோகேஸ்வரியா? நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கா, ரெண்டு விரலோட!" என்றாள் குணவதி. "மொதல்ல அந்தப் போர்டக் கழட்டுங்க."

"என்னக்கா, நான் வேணாம்னா சொல்றேன்? போஸ், அதான் மொதலாளி, சொல்லாம ஒரு ஆணியக்கூடப் புடுங்க முடியாது. இருங்க, போன் போட்டுக் கேட்டுட்டு வர்றேன்."

கூடத்தின் கோடியிலிருந்த கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காலத்திலும் அவருக்கு அதே அறைதான். தறிச் சத்தம் உள்ளே போகாது, உள்ளே பேசுவது வெளியே வராது. ஏர்கான் குளிரில் உட்கார்ந்தே அத்தனை வருடத்தையும் ஓட்டியவர். இப்போதும் நாற்காலியில் சாய்ந்து, இவர்களைப் பார்த்தபடியே போனில் பேசினார். நடுவில் ஒரு சிரிப்பு வேறு.

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறான் பாருடி! நான் ஒருத்தியே தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். நீ என்னடான்னா பொம்ம மாதிரி நிக்கிற. நீயும் நாலு வார்த்த கேக்க மாட்டியா?"

"கொஞ்சம் சும்மா இரேன்க்கா" என்றாள் லோகேஸ்வரி, கண்ணாடி அறையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

ஐந்து நிமிடம் கழித்து, இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு புவனேஸ்வரன் வந்து நின்றார்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்மா. ரெக்கார்டுல இருக்கிறத மாத்த முடியாதுன்னு போஸ் ஒரே புடியா நிக்கிறாரு. எனக்கு மட்டும் மனசு கஷ்டமா இல்லையா?"

லோகேஸ்வரி துப்பட்டாவை விலக்கினாள். இரண்டே விரல் மிஞ்சிய கையை எல்லோரும் பார்க்கும்படி தறியின் மேல் வைத்தாள். முப்பது வருடக் கோபமும் அவள் குரலில் ஏறியிருந்தது.

"'மூடியக் கழட்டச் சொன்னதே நான்தான் போஸ். போர்ட எடுத்தா இவளுங்க பழசக் கிளறுவாளுங்க, அது அங்கயே கெடக்கட்டும்'னு இப்பச் சொன்னீங்களே சார். அதையும் நாலு மொழியில எழுதி மாட்டுங்க!"

புவனேஸ்வரனின் முகம் வெளிறிவிட்டது.

"கதவு சாத்தித்தானே இருந்துச்சு? உனக்கு... உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. குணவதி தங்கையைப் பார்த்தாள். நஜ்வா மேனேஜரைப் பார்த்த பார்வையில் மரியாதை மிச்சமில்லை.

லோகேஸ்வரி நஜ்வாவின் பக்கம் திரும்பினாள்.

"தறி ஓடுறப்ப எப்படிப் பேசிக்குவோம்னு கேட்டியேம்மா? உதட்டப் பார்த்துத்தான்."