வலது காதில் பாங்கு

யுத்த இருட்டடிப்புக்காகக் கறுப்புச் சாயம் பூசிய ஜன்னல் கண்ணாடியில், யாரோ நகத்தால் கீறிவிட்ட கோட்டின் வழியே பின்னேர வெயில் உள்ளே விழுகிறது. கொம்பனித்தெரு ஸ்டேஷனில் ரயில் ஊதி ஓய்கிறது. "வலது காதுல, மெதுவாச் சொல்லுங்க மகன்" என்று மருத்துவிச்சி பிள்ளையை ஜாபிரின் கைகளில் வைக்கிறாள். அவனுடைய தலைப்பிள்ளை. ஈரம் காயாத அந்தச் சின்னக் காதருகே குனிந்து அவன் பாங்கு சொல்லத் தொடங்குகிறான். "அல்லாஹு அக்பர்." அடித்தொண்டையில் கரகரத்து, முடிவில் சற்றே இழுபட்டு வருகிறது குரல். போன மாதம் மௌத்தாகி அடக்கமான வாப்பாவின் குரல் அது. அவரோடு முகங்கொடுத்துப் பேசாமலே இருந்துவிட்ட மகன் இவன். வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்கிறது. திரைக்கு அப்பால், புருஷனை இழந்த துக்கத்தில் வெள்ளைச் சேலையோடு இத்தா இருக்கும் அவன் உம்மா இவ்வளவு நேரமும் கண்ணயர்ந்திருந்தாள். இப்போது பாய் சரசரக்கிறது. எழுந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்யும் அவள் நிழல் திரையில் அசைகிறது. "வந்தீங்களா?" என்கிறாள், புருஷனிடம் மட்டும் பேசும் தணிந்த குரலில். "கதவு தொறந்துதான் ஈக்கி." மருத்துவிச்சி திரையைப் பார்க்கிறாள், பிறகு அவனைப் பார்க்கிறாள். 'நான்தான் உம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லவும் அவனிடம் இருப்பது இந்தக் குரல்தான்.