பம்ப்பு போச்சு

“பம்ப்பு போச்சுப்பா. இந்தப் பழைய வண்டிக்குப் பார்ட்ஸ் வராது. இந்த வயசுல ஓட்டினது போதும், பேசாம லைசென்ஸைப் போலீஸ்ல திருப்பிக் குடுத்துடுங்க,” என்றான் மகன் தகாயா.

“நகருடா, நான் பாக்கறேன்.” ஷிகோகு தீவின் மலையடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து, அதை மகனிடம் ஒப்படைத்தவர் ஜின்பெய். பிரஷர் கேஜை மாட்டினார். பெட்ரோல் பிரஷர் பாதிகூட இல்லை. டேங்குக்குத் திரும்பும் ட்யூபை நெரித்தார். முள் விர்ரென்று எகிறியது.

பம்ப் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. பிரஷரைப் பிடித்து நிறுத்தும் ரெகுலேட்டர்தான் செத்திருந்தது. அதைப் போன மாதம் மாட்டியவன் தகாயா.

“பம்ப்புதானேப்பா?”

வயதான அப்பா வண்டி ஓட்டுவதை எப்படியாவது நிறுத்துங்கள் என்று ஊர்ப் பிள்ளைகள் ரகசியமாக வந்து கெஞ்சியபோதெல்லாம், அவர்களுடைய அப்பாக்களின் வண்டியில் செத்த ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, “பம்ப்பு போச்சு, பெரியவரே” என்று அனுப்பிவைத்தவர் ஜின்பெய். ட்யூபை நெரித்துப் பார்க்க அந்தக் கிழவர்களுக்குத் தெரியாது.

“பம்ப்புதான்,” என்று சாவியை நீட்டினார்.