ஓசி விறகு

"ஓசியில விறகு குடுக்கிறவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? இதுல என்னமோ இருக்குது" என்றார் மயில்வாகனம்.

வாசலில் ஒரு டிராக்டர் சுமை புளியங்கட்டை இறங்கிக் கிடந்தது. இறக்கிவிட்ட கமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். புயல் காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்துத் தெருவைச் சுத்தம் செய்ய வெளியூரிலிருந்து வந்திருந்த ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி.

"நீங்கதானே பெரியவரே நேத்து வந்து கேட்டீங்க?"

"நாலு கிளை கேட்டேன். அதையும் நானே வந்து இழுத்துக்கினு போறேன்னேன். நீ இன்னாடான்னா பொளந்து, வண்டியில ஏத்தி, வூட்டாண்ட கொண்டாந்து கொட்டிக்கினு நிக்கிற. உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம். அறுத்த மரத்தைக் கொட்ட எங்களுக்கு எடமில்ல. நீங்க எடுத்துக்கினா எங்க வேலை மிச்சம்."

மயில்வாகனம் ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். டங்கென்றது. மூக்கருகில் வைத்துப் பார்த்தார். பச்சை வாடையே இல்லை.

"காத்துல சாஞ்ச மரம், அதுக்குள்ள இப்பிடியா காஞ்சிடும்?"

"நின்னபடியே பட்டுப்போன மரம் பெரியவரே. உயிர் இருந்திருந்தா ஏன் சாயுது?"

நியாயமான பதில்தான். நியாயமாகப் பேசுகிறவனைக் கண்டால் மயில்வாகனத்துக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

"எங்கியாவது திருடிக்கினு வந்தியா? நாளைக்குப் போலீஸ் வந்து என் அடுப்பாண்ட நிக்கப் போவுது."

"வந்தா சாம்பலை அள்ளிக் குடுக்கலாம்" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி கிருஷ்ணம்மாள். "மொதல்ல அடுப்பை மூட்டுய்யா. சந்தேகத்தை அப்புறமா படலாம்."

அவள் அவசரம் அவளுக்கு. பட்டு நூலை வேகவைத்துச் சாயம் போடுவதுதான் அவர்கள் பிழைப்பு. கல்யாணப் புடவைக்காக நெசவுக்காரர் குமரகுரு கொடுத்த நூல் மூட்டை அப்படியே கிடந்தது. நாளை சாயங்காலத்துக்குள் கைக்கு வராவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் போனால் பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெரு அவர் பின்னால் போய்விடும். அண்டாவில் சவுக்காரத் தண்ணீர் ஒரே சீராகக் கொதிக்க வேண்டும். நடுவில் தீ தணிந்தால் பட்டு நூலின் பசை முழுசாகப் போகாமல் தங்கிவிடும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

மழையில் ஊர் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. காய்ந்த விறகு இருந்தது தேவசகாயத்தின் கூரை போட்ட விறகுக் கடையில் மட்டும்தான். அங்கே போக முகம் இல்லை. ஆடி மாதத்தில் அந்தக் கடைத் தராசைக் காட்டி, "இது எடை போடுதா, பிக்பாக்கெட் அடிக்குதா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டு வந்தவர் மயில்வாகனம். தராசைச் சோதிக்க வந்த அரசாங்க ஆட்கள் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகும் இவர் நம்பவில்லை. "இனிமே என் கடைப் பக்கம் வராதேய்யா" என்று தேவசகாயமும் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அடுப்பு பற்றிக்கொண்டது. புகையே இல்லை. கடைசி வரை தீ ஒரே மட்டத்தில் நின்றது. வெந்த பட்டு நூலைப் பிழிந்து உதறியபோது மல்லிகைப்பூ மாதிரி வெளுத்து வந்தது. கிருஷ்ணம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் குமரகுரு வந்து அரக்குச் சாயம் ஏறிய நூலை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த மூட்டையையும் இறக்கிவிட்டுப் போனார்.

மயில்வாகனத்துக்கு யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஒரு தூக்கு நிறைய டீயும் ஒரு பொட்டலம் சூடான போண்டாவும் வாங்கிக்கொண்டு மரம் அறுக்கிற இடத்துக்குப் போனார்.

"துண்ணுபா. உன்னைத் திருடன்னுட்டேன். மனசுல வெச்சிக்காத. என் அடுப்பைக் காப்பாத்தனவன் நீ."

"எனக்கெதுக்கு பெரியவரே இதெல்லாம்" என்று கமல் நெளிந்தான். முகத்தை நேரே பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் அடக்கமான பிள்ளையா என்று மயில்வாகனத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

குளிர்ந்த மனசோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வழியில் தேவசகாயத்தின் கடை வந்தது. உள்ளே கால் வைக்காமல் ரோட்டோரமாகவே நின்றார்.

"யோவ் தேவசகாயம், நீ இல்லாட்டி என் அடுப்பு அணைஞ்சி பூடும்னு நெனச்சியா?"

விறகின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த தேவசகாயம் திரும்பினார். "பட்டு நல்லா வெந்துச்சா?"

"பூவாட்டம் வெந்துச்சு. குடுத்தவன் யாரு தெரியுமா? மரம் அறுக்க வந்தவன். எந்த ஊர்க்காரனோ, யார் பெத்த புள்ளையோ. அவனுக்கு இருக்கிற மனசுல கால்வாசி உனக்கு இருக்குதா?"

"சரிய்யா. மழை வருது, வூட்டுக்குப் போ."

"போறேன். உன் மூஞ்சியில சொல்லிட்டுத்தான் போவணும்னு வந்தேன். அவன் கால்ல விழலாம், உன்னை—"

சொல்லி முடிப்பதற்குள் ஈரம் சொட்டும் பச்சைப் புளியங்கட்டைகளோடு ஒரு டிராக்டர் வந்து கடைக்குள் நுழைந்தது. ஓரமாக நின்ற மயில்வாகனத்தை, வண்டியில் வந்த கமல் கவனிக்கவில்லை. இறங்கியதும் தேவசகாயத்திடம் கேட்டான்:

"அண்ணே, அந்தச் சாயக்காரப் பெருசு எனக்குப் போண்டா வாங்கிக் குடுத்துட்டுப் போவுது, தொண்டையில எறங்கல. இந்தப் பச்சைக் கட்டைய இறக்கிட்டு இன்னிக்கும் உங்க காஞ்ச கட்டையத்தான் அவருக்கு ஏத்தறேன். குடுக்கிறது நீங்கன்னு இப்பவாவது சொல்லிடட்டுமா?"