அறுபத்து மூன்றாவது புத்தகம்

கதவின் முன் மண்டியிட்டிருந்த மனிதர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்திப் பூட்டுத் துவாரத்துக்குள் விட்டார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கிளிப் இரண்டாக ஒடிந்தது.

"திருடன் இல்லம்மா. நான்தான்."

"தெரியுது சார். திருடனுக்கு இப்படி மூச்சு வாங்காது."

கையில் காலிக் குப்பைக் கூடையும் கழுத்தில் அளவு நாடாவுமாகப் படியருகே நின்றிருந்தார் நாலாம் மாடித் தையல்காரம்மா. எழுத்தாளருக்கு மூச்சு வாங்கியதற்குக் காரணம் லிஃப்ட். பேப்பர் வாங்கக் கீழே போன நேரத்தில் அது நின்றுபோயிருந்தது. அடுத்த புத்தகத்தை யோசித்துக்கொண்டே படியேறி வந்திருந்தார்.

"சாவி தொலைஞ்சுபோச்சா சார்?"

"சாவி இருக்கு. சுத்தத்தான் மாட்டேங்குது."

தையல்காரம்மா சாவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுத்தாளரைப் பார்த்தார். பிறகு படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அவசரமா சார்?"

அவசரம்தான். பதினோரு மணிக்கு ரேடியோவிலிருந்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவார்கள். நேரடி ஒலிபரப்பில் தன் நூற்று ஐம்பதாவது புத்தகத்தைப் பற்றி அவர் பத்து நிமிடம் பேச வேண்டும். முந்தைய நூற்று நாற்பத்தொன்பதுக்கும் ஒரு ரேடியோவும் அவரைச் சீண்டியதில்லை. மணி இப்போது பத்து நாற்பது.

"என் ஃபோன் இருக்கு சார். ரேடியோ நம்பரைச் சொல்லுங்க, இதுலயே பேசிடலாம்."

எழுத்தாளர் விட்டத்தைப் பார்த்தார். "நம்பர்... ஏழுல முடியும்."

"புதுப் புத்தகம் எதைப் பத்தி சார்?"

"ஞாபக சக்தி."

தையல்காரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பூட்டு ரிப்பேர் பண்றவரையாவது கூப்பிடலாமாம்மா?"

"கூப்பிட்டாச்சு சார். மத்தியானம்தான் வருவாராம்."

சொல்வதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறாரே என்று எழுத்தாளருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஓர் அக்கம்பக்கம் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"அவர் எதுக்கு சார்? பூட்டைப் பத்தி நீங்களே எழுதியிருக்கீங்கல்ல?"

"அறுபத்து மூணாவது புத்தகம்" என்றார் எழுத்தாளர், முதுகு தானாக நிமிர. "படிச்சிருக்கீங்களா?"

"எல்லாமே எங்க வீட்ல இருக்கு சார். தேனீ வளர்ப்பு, மூட்டு வலி, செஸ், பாலம் கட்டுறது. நீச்சல் புத்தகத்தைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் குளத்துலகூட இறங்கினாரு."

"நீந்தினாரா?"

"நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அப்புறம் உங்க முதலுதவிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வெச்சோம்."

"நீச்சலுக்கு அடுத்து அதைத்தான் எழுதினேன். யோசிச்சு வெச்ச வரிசைம்மா அது."

தையல்காரம்மா தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி நீட்டினார். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்ததைக்கூட அவர் சட்டை செய்யவில்லை.

எழுத்தாளர் ஒன்றை வளைத்தபடி பாடத்தை ஆரம்பித்தார். "உள்ள அஞ்சு குட்டிக் கம்பி வரிசையா நிக்கும்மா. ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்து அமுக்கிட்டே இருக்கும். சாவியோட பல்லு ஒவ்வொரு கம்பியையும் அதுக்கான உயரத்துக்குத் தூக்கினாத்தான் உருளை சுத்தும். ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"சட்டை அளவு மாதிரி."

"அதேதான்."

"அப்ப உங்க சாவி ஏன் சார் தூக்கல?"

"மழைக்காலம்ல, ஏதாவது கம்பி துருப்பிடிச்சு மாட்டியிருக்கும்."

"இருக்கும் சார்" என்றார் தையல்காரம்மா, சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

எழுத்தாளர் வளைத்த ஊசியால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டார். மற்ற ஊசியால் உள்ளே துழாவினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் எல்லாமே விரல் நுனியில்தான் நடந்தது.

முதல் கம்பி 'டிக்' என்று மேலே போய் நின்றது. இரண்டு. மூன்று. உற்சாகத்தில் ஸ்பிரிங்குகளின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். கை தளர்ந்தது, மூன்றும் விழுந்தன.

"வரலாறு அப்புறம் சார். மணி பத்து ஐம்பத்தஞ்சு."

மறுபடி முதலிலிருந்து. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. நாலாவது நின்றது. ஐந்தாவது சண்டித்தனம் செய்தது. அதையும் மெல்ல, மெல்லத் தூக்கினார்.

உருளை சுழன்றது. கதவு திறந்துகொண்டது.

எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் புத்தகத்தில் இருந்ததைத் தன் கையால் அவர் செய்துபார்த்தது அதுதான் முதல் தடவை.

சரியாக அந்த நேரத்தில் ஃபோன் அடித்தது. பாய்ந்து உள்ளே ஓடியவர் முழங்காலில் எதையோ இடித்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். தையல் மெஷின். ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, அவர் தலைக்கு நேர் மேலே.

பின்னாலேயே வந்த தையல்காரம்மா, கதவோரம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம் சார். உங்க வீடு அடுத்த மாடி."