பர்வதத்தின் ராகு காலம்

இதை எனக்கு முதலில் சொன்னது கண்மணி. போன தைப்பூசத்தன்று, கோயில் வாசலில் பனியில் நனைந்த ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

நியூ ஜெர்சியில் எங்களுக்குப் பக்கத்து ஊர் ரொம்பச் சின்னது. போலீஸ் மொத்தமே இருபது சொச்சம் பேர். அதில் நம் பர்வதத்தின் பெண் அஞ்சனாவும் ஒருத்தி. அங்கே ஒரு சார்ஜென்ட் பதவி காலியானது. பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் முடிந்து பார்த்தால், அஞ்சனாவுக்கும் அவளோடு வேலைக்குச் சேர்ந்த டேனியலுக்கும் ஒரே மார்க்.

மார்க் சமமாக இருந்தால் சீனியருக்குத்தான் பதவி. அந்த ஊர் விதி அது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்களாக இருந்தால்? யார் முதலில் உறுதிமொழி எடுத்தாரோ அவர் சீனியர்.

டவுன் கவுன்சில் கூடியது. முன்வரிசையில் பர்வதம், அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன், துணைக்குக் கண்மணி.

மேயரம்மா கேட்டார்: "அஞ்சனா, டிரெய்னிங்கில் முதலாவதாக வந்தது நீங்கள். முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டியதும் நீங்கள்தான். ஏன் டேனியலுக்கு அப்புறம் எடுத்தீர்கள்?"

"அது ராகு காலம் மேடம். எங்களுக்குக் கெட்ட நேரம். அது முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்."

ஹாலில் சிரிப்பு. போலீஸ் சீஃப்கூடச் சிரித்தார். அஞ்சனாவை ரோந்துக்கு அனுப்பும்போதெல்லாம், "இப்போ நல்ல நேரமா பாத்துக்கோ" என்பது அந்த ஸ்டேஷனில் பழைய கேலி.

மேயரம்மா சிரிக்கவில்லை. "யோசித்துச் சொல்லுங்கள். சொந்த விருப்பத்துக்காகத் தள்ளிப்போட்டிருந்தால் டேனியல்தான் சீனியர். வேறு காரணம் இருந்தால், டிரெய்னிங் வரிசையே செல்லும். பதவி உங்களுக்கு. வேறு காரணம் ஏதாவது உண்டா?"

"இல்லை."

"அந்த நேரத்தை யார் பார்த்துச் சொன்னது?"

அஞ்சனா தடுமாறினாள். அதற்குள் பர்வதம் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் மேடம். அவளோட அம்மா. இதிலெல்லாம் நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றாள், தெரிந்த இங்கிலீஷில்.

மறுபடியும் சிரிப்பு. டேனியல் சார்ஜென்ட் ஆனான்.

பார்க்கிங் லாட்டுக்கு வந்ததும் நஞ்சப்பன் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் கோயமுத்தூர்ல மாட்டிக்கிட்டேன். இங்க இருந்திருந்தா விட்டிருப்பனா? என்ற புள்ள இத்தனை வருசம் ஒழைச்சத உன்ற ராகு ஒரே வாயில முழுங்கிட்டான்!"

"சரிங்க."

"என்ன சரிங்க? கேது என்ன சொல்றான்னும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு!"

"அப்பா, ஸ்டாப். அம்மாவைத் திட்டாதீங்க. நெக்ஸ்ட் டைம் பாத்துக்கலாம்" என்றாள் அஞ்சனா.

"எது நெக்ஸ்ட் டைம்? இந்தத் துக்குணூண்டு ஸ்டேஷன்ல இனி எவனாவது ரிட்டயர் ஆனாத்தான் உண்டு!"

அவர் மகளின் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். பர்வதம் கண்மணியின் காரில் வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்மணி சும்மாதான் கேட்டாள். "உறுதிமொழி எடுத்தது என்னிக்குக்கா?"

"அது ஒரு செவ்வாக்கெழமை."

"சாயங்காலமா?"

"இல்ல, காலைலதான்."

கண்மணி வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஏதுக்கா ராகு காலம்? மத்தியானம் மூணு மணிக்கு மேலதானே!"

பர்வதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டேனியலோட அப்பாவ ஆஸ்பத்திரில இருந்து வீல்சேர்ல கூட்டிட்டு வந்திருந்தாங்க கண்மணி. மூக்குல ஆக்ஸிஜன் குழாய். மூச்சு இழுக்குது. மொதல்ல அஞ்சனா, அப்புறம் போட்டோ, அப்புறம் பேச்சுன்னா, அவரால தாங்கி உக்கார முடியாது. அத்தனை பேர் முன்னாடி 'உங்கப்பாவுக்கு முடியல, நீ முன்னாடி போ'ன்னு எப்படிச் சொல்றது? திடீர்னு அஞ்சனா எந்திரிச்சு ராகு காலம்ங்கறா! நான் மொறைச்சேன். கண்ணாலயே அந்த மனுசனைக் காட்டினா."

"அப்புறம்?"

"வீல்சேர்ல இருந்தபடியே அவரே மகனுக்கு பேட்ஜ் குத்திவிட்டாரு. உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனாரு. அப்புறம் வீட்டுக்கு வரவேயில்ல."

"இன்னிக்கு இதைச் சொல்லியிருந்தா பதவி நம்ம அஞ்சனாவுக்குத்தானே அக்கா! உங்க வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லுங்க."

"அவர்கிட்டச் சொன்னா நாளைக்கே மேயர் வீட்டு வாசல்ல நிப்பாரு. அப்பா குத்திவிட்ட பேட்ஜை அந்தப் பையன் உசுரா வெச்சிருக்கான். அதுவும் யாரோ விட்டுக்கொடுத்ததாலதான்னு தெரிஞ்சா, சார்ஜென்ட் பட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிருவான். அஞ்சனா வேண்டாம்னுட்டா. அவ வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

கண்மணி சொல்லி முடித்ததும் நான் ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன். அஞ்சனா பேருக்கும் பர்வதம் பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

இப்போதும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பர்வதத்தைக் கண்டதும், "ராகு காலம் வருது, வழிவிடுங்க" என்று யாராவது கிண்டல் செய்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள்.

அந்த இடத்தில் நீங்களும் இருக்க நேர்ந்தால், எனக்காகக் கொஞ்சம் சிரித்து வையுங்கள். அன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.